குளிரில் மூடும் கை

கோர்படி, பூனா
9 டிசம்பர் 1997

அன்புத் தம்பி லியோனார்டுக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே நானும் டானியாவும் சுகம். உன் சுகம் நீ எழுதினால்தானே தெரியும்? ஜூன் மாதம் பம்பாய் விமான நிலையத்தில் பிள்ளையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே கூட வராமல் அடுத்த விமானத்தில் மஸ்கட் திரும்பியவன் நீ. அதன் பிறகு மாதம் ஒரு போன். "சாப்பிட்டாளா, படிச்சாளா" என்பாய். பூனாவுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்றால் உடனே லைன் கெட்டுவிடும். அமலா இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பாள். தாய் போய் ஒரு வருஷம் கூட ஆகவில்லை, பிள்ளை வாய்விட்டு அழுவதில்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். போனில் சொல்லும் விஷயம் இல்லை இது. டானியாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அதனால் இந்தக் காகிதத்தை மேஜையிலேயே வைத்துத் தைரியமாக எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே குளிர் ஆரம்பித்தது. காலையில் அவளைக் கைனடிக் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் வண்டியை நிறுத்தி, "இறங்குடா கண்ணு" என்றேன். இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"கண்ணைத் தொற."

"தொறக்க மாட்டேங்குது அத்தே. யாரோ பிடிச்சிட்டிருக்காங்க."

அழாமல், சத்தம் போடாமல் சொன்னாள். என் கைக்குட்டையை வாயால் ஊதிச் சூடுபண்ணி இமையின் மேல் வைத்தேன். மெல்ல மெல்லத் திறந்தது. கேட்டில் நின்ற சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதோடு நிற்கவில்லை. நேற்று பின்கட்டுக் குழாயில் கை கழுவப் போனவள் வெகு நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் குழாயைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்கிறது. நான் விரலைப் பிரிக்கப் பார்த்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல் இரும்பு மாதிரி இருந்தது. "விட்டுடு டானியா" என்றேன். "நான் எப்பவோ விட்டுட்டேன் அத்தே" என்றாள்.

மஸ்கட்டில் இப்படி ஏதாவது உண்டா? ஐஸ்கிரீம் தின்றால் அவளுக்கு நாக்கு குழறும், அதனால் தொடமாட்டாள் என்று அமலா ஒருமுறை எழுதியிருந்தாள். அப்போது சிரித்துவிட்டேன்.

உடனே பதில் எழுது.

உன் அக்கா,
கிருபாவதி

*

மஸ்கட்
21 டிசம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்தபின் இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. டானியாவை உடனே பூனாவிலிருந்து வெளியே கொண்டுபோ. அமலாவின் அக்கா வேலூரில் இருக்கிறாள், அவளிடம் பேசிவிட்டேன். பள்ளிக்கூடம் கெட்டால் கெடட்டும். ஒரு காரியம் மட்டும் கேள்: பிள்ளையைக் கால்வாய்ப் பக்கம் கூட்டிப்போகாதே.

நான் ஏன் அந்த ஊருக்கு வருவதில்லை என்று கேட்டுக் கேட்டு நீ அலுத்துப்போயிருப்பாய். இப்போது சொல்கிறேன், அக்கா. அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது. ஜனவரி மாதம். நீ துணி மூட்டையோடு கரையில் நின்றாய். நான் என் செருப்பை எடுக்கக் குனிந்து தண்ணீருக்குள் போனேன், அம்மா பின்னாலேயே இறங்கினாள். அது உனக்கும் தெரியும். தண்ணீருக்குள் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா என்னைக் கீழே இழுத்தாள். என் கை ஒரு இரும்பில் பட்டது, கரையேறியிருப்பேன். அவள் விடவில்லை. என் மணிக்கட்டு பிய்ந்துபோகிற மாதிரி இழுத்தாள்.

எங்களை வெளியே எடுத்தபோது அம்மாவின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என்னை எடுத்தார்கள் என்று அப்பா சொன்னார். சபையில் எல்லோரும், "செத்தும் பிள்ளையை விடலையே, என்ன தாய்ப்பாசம்" என்று அழுதார்கள். நான் அழவில்லை. அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அவள் வந்தாள். சைக்கிள் பிரேக்கைப் பிடித்தால் என் விரலின் மேல் அவள் விரல் வந்து மூடிக்கொள்ளும். என்னால் திறக்க முடியாது. காலையில் முகம் கழுவினால் கண்ணை மூடிப் பிடித்துக்கொள்வாள். உன்னிடம் சொன்னதில்லை, அப்பாவிடமும் சொன்னதில்லை. வேலை கிடைத்ததும் குளிரே இல்லாத ஊராகப் பார்த்து ஓடிவந்தேன். இங்கே அவள் வந்ததில்லை. ஏசி போட்டுத் தூங்கினால் மட்டும் லேசாக வருவாள், அதனால் ஏசி போடமாட்டேன். அமலா என்னைக் கஞ்சன் என்று கேலி செய்வாள்.

இப்போது என் பிள்ளையைப் பிடித்துவிட்டாள். நீ காலேஜில் பாடம் சொல்கிறவள், சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆனால் பிள்ளையை அனுப்பிவிடு.

தம்பி,
லியோனார்ட்

*

கோர்படி, பூனா
18 ஜனவரி 1998

அன்புத் தம்பிக்கு,

நான் சிரிக்கவில்லை. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு புத்தாண்டு ஆராதனைக்குக் கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாயே.

டானியாவை வேலூருக்கு அனுப்பவில்லை. கோபப்படாமல் மீதியை வாசி.

எங்கள் காலேஜோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜஸ்ரீ என்று நரம்பு வைத்தியர் இருக்கிறார். அவரிடம் கூட்டிப்போனேன். டானியாவின் கட்டைவிரல் அடியில் இருக்கிற சதையைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். விரல் தானாக உள்ளே மடங்கி, அப்படியே நின்று, பாம்பு நகருகிற மாதிரி மெதுவாகத் திரும்பிப் போனது. பிறகு கையை ஐஸ் தண்ணீரில் வைத்து, தசைக்குள் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகினார். அந்த ஊசி தசையின் மின்சாரத்தை ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்கவைக்கும். நல்ல தசை சும்மா இருக்கும்போது சத்தமே வராது. டானியாவின் கையிலிருந்து வந்த சத்தம், லோஹேகாவ் விமானத் தளத்தில் போர் விமானம் தலைகீழாகப் பாய்ந்து இறங்குமே, அதே சத்தம். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பிள்ளை, "அத்தே, என் கைக்குள்ள ப்ளேன் இருக்கா?" என்று கேட்டாள்.

இதற்குப் பாராமயோடோனியா என்று பெயர். பரம்பரையாக வருவது. நான் வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொல்லுகிற பாடத்தையே உனக்கும் சொல்கிறேன், கேள். தசைக்குள் இரண்டு விதமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. தடித்த இழையில் சின்னச் சின்னத் தலைகள் உண்டு. மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் தசைக்குள் கால்சியம் பெருகும். உடனே அந்தத் தலைகள் மெல்லிய இழையைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடித்து இழுக்கும். கயிறு இழுக்கிறவர்கள் கை மாற்றி மாற்றி இழுப்பது போலத்தான். தசை சுருங்குவது இதனால்தான். உத்தரவு நின்றதும் கால்சியம் திரும்பப் போய்விடும், இழைகள் நழுவிப் பிரியும், கை திறக்கும். நம் குடும்பத்து ரத்தத்தில் அந்த உத்தரவு நிற்பதில்தான் கோளாறு. தசை இழையின் மேலுறையில் சோடியத்துக்கு வாசல்கள் உண்டு. நமக்கு அவை குளிரில் சரியாக மூடுவதில்லை. நீ விட்டுவிட்டாய், மூளையும் விட்டுவிட்டது. ஆனால் தசைக்குள் மட்டும் பிடி, பிடி என்று உத்தரவு ஓடிக்கொண்டே இருக்கும்.

உன்னைப் பிடித்தது அம்மா இல்லை, லியோ. உன் தசைதான்.

அம்மாவுக்கும் இது இருந்திருக்கிறது. குளிர்காலத்துக் காலைகளில் அம்மா கண்ணை மூடிக்கொண்டே பால் பூத்துக்குப் போவாளே, நினைவிருக்கிறதா? சுவரைத் தடவிக்கொண்டே போவாள். ஜெபம் பண்ணிக்கொண்டு போகிறாள் என்று நாம் நினைத்தோம். ஆகவே தண்ணீருக்குள்ளும் அவள் உன்னை இழுக்கவில்லை. அவள் கை திறக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். என் தசை சத்தமில்லாமல் இருந்தது. வீட்டில் எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததும் ஏனோ சந்தோஷம் வரவில்லை.

டானியாவுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கம்பளிக் கையுறை, வெந்நீர், முகத்துக்கு மஃப்ளர். பக்கத்து வீட்டு மும்தாஜ் சிவப்பு நூலில் கையுறை பின்னிக் கொடுத்தாள், பிள்ளை அதைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. இப்போது அவளே எல்லோருக்கும் தன் தசையைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். நேற்று என் லேபுக்கு வந்திருந்தாள். தவளைத் தசை வகுப்பு நடந்தது. செத்த உடம்பு ஏன் விறைக்கிறது என்று ஒரு மாணவன் கேட்டான். உயிர் போன கையோடு தசை துணி மாதிரி துவண்டுவிடும், பிறகு மணிக்கணக்கில் நேரம் போய், உள்ளே இருக்கிற சக்தி தீர்ந்த பிறகுதான் அந்தத் தலைகள் பிடித்த பிடியில் அப்படியே மாட்டிக்கொள்ளும், விறைப்பு அதனால்தான் என்றேன். பிடியை விடுவதற்கும் தசைக்குச் சக்தி வேண்டும். டானியா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிம்மதியாகத் தூங்கு. முடிந்தால் நீயும் வந்து பரிசோதனை செய்துகொள்.

அக்கா,
கிருபாவதி

*

மஸ்கட்
15 பிப்ரவரி 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கேண்டீனில் ஒரு பக்கெட் ஐஸ் வாங்கி வந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளரைப் பிடித்தேன். பிடித்தது பிடித்ததுதான். மேஜை மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். என் விரல் மேல் வேறு விரல் எதுவும் இல்லை, அக்கா. என் விரல் மட்டும்தான். குழந்தை மாதிரி அழுதேன். அன்று ஏசி போட்டுத் தூங்கினேன்.

ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். நீ தவளையைப் பற்றி எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன்.

உயிர் போன கையோடு தசை துணி மாதிரி துவண்டுவிடும் என்கிறாய். விறைக்க மணிக்கணக்கில் ஆகும் என்கிறாய். எங்களைத் தண்ணீரிலிருந்து எடுக்க அவ்வளவு நேரம் ஆகவில்லையே. அம்மா தண்ணீரிலேயே போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னதாக அப்பாவே சொல்லியிருக்கிறார். அப்படியானால் கரைக்கு வரும்போது அவள் கை துவண்டுதானே இருந்திருக்க வேண்டும்? உத்தரவு கொடுக்கத் தசைக்கும் உயிர் வேண்டாமா?

உயிரோடு இருந்தது நான்தான். குளிரில் கை மூடுகிற நோய் எனக்கும் இருக்கிறது.

இன்னொன்றும் நினைவு வருகிறது. பெட்டியில் அம்மாவை வைத்தபோது மணிக்கட்டு வரைக்கும் கை நீண்ட வெள்ளை ரவிக்கை போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அப்படி ரவிக்கையே கிடையாது. யாரிடமோ வாங்கிப் போட்டிருந்தார்கள். அவள் கையில் எதை மறைத்தார்கள்?

நீ கரையில் நின்றாய், பதினான்கு வயது உனக்கு. எல்லாம் பார்த்தாய். அன்று ஒவ்வொன்றாகப் பிரித்தது யாருடைய விரல்களை?

லியோனார்ட்

*

கோர்படி, பூனா
8 மார்ச் 1998

என் அருமைத் தம்பிக்கு,

இதற்குப் பதில் எழுதாமல் இருக்க எனக்கு ஒரு வழி இருந்தது. நீரில் மூழ்கி இறப்பவர்களின் கை சில சமயம் அந்தக் கணத்திலேயே விறைத்துப் பாசியையும் செடியையும் பிடித்தபடி இருக்கும் என்று மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. அபூர்வம், ஆனால் உண்டு. அதை எழுதி உன்னை அமைதிப்படுத்தலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். நீ கேட்டுவிட்டாய். இனி உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உன் விரல்களைத்தான் பிரித்தார்கள், லியோ.

மதகுப் பக்கம் சுவரில் இரும்புப் படி ஒன்று உண்டு. அம்மா உன்னைத் தலைக்கு மேல் தூக்கி அதில் உன் கையைப் பதித்தாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். உன் வலது கை இரும்பைப் பிடித்தது. இடது கை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. புடவை தண்ணீரில் ஊறிக் கனத்து அவளைக் கீழே இழுத்தது. நான் கத்திக்கொண்டே கரையோரம் ஓடினேன். கால்வாய்க் காவல்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். அவர்கள் வந்தபோது உன் இரண்டு கண்ணும் மூடியிருந்தன. ஒரு கையில் இரும்பு, ஒரு கையில் அம்மா. நடுவில் நீ கொடியில் துணி தொங்குவது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தாய். அம்மாவின் தலை தண்ணீருக்குள் இருந்தது.

ஈர இரும்பிலிருந்து உன் வலது கையை உருவிக் கரையில் போட்டபிறகு அந்தக் காவல்காரர் உன் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, "சோட் ரே பாளா, சோட்... விட்டுடு குழந்தே" என்று மராட்டியில் கெஞ்சிக்கொண்டே சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தார். ஒரு விரலைத் திறந்துவிட்டு அடுத்ததைத் திறந்தால் முதல் விரல் மறுபடி மூடிக்கொள்ளும். அவர் பயந்து எழுந்துவிட்டார். "இது புள்ளை கையே இல்லை" என்றார். பிறகு யாரோ சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்து உன் கைமேல் ஊற்றினார்கள். திறந்தது. அம்மாவின் கை சத்தமில்லாமல் மண்ணில் விழுந்தது. அதில் உன் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா என் தோளைப் பிடித்துச் சொன்னார்: "அவன் கேட்டா அம்மாதான் விடலைன்னு சொல்லணும். எட்டு வயசுப் புள்ளை. அவன் வாழணும் பாரு." அப்பா அழுததை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். அவர் உனக்குக் கொடுத்த அந்தப் பொய் குளிர்காலமெல்லாம் உன்னைத் தேடி வந்தது என்பது பாவம், அவருக்குத் தெரியவே தெரியாது.

கை விட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்று கேட்டுவிடாதே. எனக்குத் தெரியாது. தண்ணீர் அவளை மதகுக்குள் கொண்டுபோயிருக்கலாம், கொஞ்ச தூரம் தள்ளிக் கரையில் ஒதுக்கியும் இருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளையின் பலத்தில் ஒரு ஆளை அந்த வேகத்தில் பிடித்து நிறுத்த முடியாது என்பது மட்டும் நிச்சயம். நீ பிடிக்கவில்லை. உன் தசை பிடித்தது. நீ விட நினைத்திருந்தாலும் அது விட்டிருக்காது.

எழுது. ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

கோர்படி, பூனா
30 ஆகஸ்ட் 1998

அன்புத் தம்பிக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பணம் மட்டும் வங்கிக்கு வந்துவிடுகிறது. போன் செய்தால் உன் கூட இருக்கிறவர் யாரோ ஹிந்தியில், வெளியே போயிருக்கிறார் என்கிறார். நீ பக்கத்திலேயே நின்று தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

இங்கே மழை விட்டபாடில்லை. டானியா ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாள். தலைப்பு என்ன தெரியுமா? "என் தசைகள்." மேடையிலேயே ஐஸ் கட்டியைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்று அடம்பிடித்தாள், சிஸ்டர் விடவில்லை. போன வாரம் என்னிடம், "டாடிக்கும் இது இருக்குன்னா, டாடி யாரையாச்சும் பிடிச்சு விடாம இருந்திருக்காரா?" என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டேன். அப்பா என்னைச் சொல்லச் சொன்னதை நானும் இவளிடம் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன்னிடம் உண்மையைச் சொன்னது தப்பு என்றால் அதையாவது திட்டி எழுது.

அக்கா,
கிருபாவதி

*

பூனா
17 டிசம்பர் 1998

அக்கா,

ஊர்ப் பெயரைப் பார்த்துப் பதறாதே. மூன்று நாளாக நான் இங்கேதான் இருக்கிறேன். கேம்ப் பகுதியில் ஒரு லாட்ஜ். உன் வீட்டுத் தெருமுனை வரைக்கும் வருவேன், சிவப்புக் கையுறை போட்டுக்கொண்டு அவள் உன் வண்டியில் ஏறுவதைப் பார்ப்பேன், திரும்பிவிடுவேன். வளர்ந்துவிட்டாள்.

இன்று காலை வெளிச்சம் வந்ததும் கால்வாய்க்குப் போனேன். தண்ணீர் விட்டிருக்கிறார்கள். நீ எழுதிய இரும்புப் படி இருக்கிறது, துருப்பிடித்துப் பாதி போய்விட்டது. மதகுக்குக் கீழே கரையில் படுத்துக்கொண்டு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டேன். எதையும் பிடிக்கவில்லை. விரலை ஒருமுறை மடக்கினேன், அவ்வளவுதான். மூடிக்கொண்டது. வெறும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அம்மாவுக்குப் பயந்திருக்கிறேன். அமலா போன பிறகு அந்த மஸ்கட் அறையில் பயத்தோடு படுக்கும்போதும் ஒருத்தி வந்து என் கையைப் பிடிப்பாள் என்று ஒரு துணை போல இருந்தது. நீ அதை எடுத்துவிட்டாய். இன்று காலை தண்ணீருக்குள் காத்திருந்தேன், அக்கா. ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. என் கை மட்டும்தான் இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான்.

நடைப்பயிற்சிக்கு வந்த கிழவர் ஒருவர் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து, "க்யா ஹுவா, பேட்டா... என்ன ஆச்சு மகனே?" என்று ஓடிவந்தார். கையைத் திறக்க முடியவில்லை என்றேன். அவர் உட்கார்ந்து, மூடிய என் இரண்டு கையையும் தன் ஸ்வெட்டருக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டார். திறக்கிற வரைக்கும் தன் மருமகள் சமையலைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

உன்மேல் கோபம் இல்லை. அப்பா மேலும் இல்லை. ஆனால் அவர் செய்ததை நான் செய்யமாட்டேன், நீயும் செய்யவேண்டாம். வேறு யாரோ சொல்லி, பாதியாக, கோணலாக டானியா தெரிந்துகொள்ளக் கூடாது. மஸ்கட் வேலையை விட்டுவிட்டேன். இங்கே பக்கத்தில் சாகணில் ஒரு தொழிற்சாலையில் கேட்டிருக்கிறேன், கிடைக்கும்போல் இருக்கிறது. குளிரில் வேலை செய்ய முடியுமா என்று டாக்டர் ராஜஸ்ரீதான் சொல்ல வேண்டும்.

இதைத் தபாலில் போடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வெளியே போயிருக்கும்போது உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். நாளை காலை வருவேன். நாளைக்கு ஒரு நாள் டானியாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே. அவள் உன்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டும்.

உன் தம்பி,
லியோ